சர்க்கரை போடாத பாலிலும் சர்க்கரை உண்டு

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையில் அவரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டால் வீட்டில் நானும் மாமியாரும்தான். அத்தைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஆனால் பாயசம் என்றால் உயிர். "ஒரு கரண்டி ஊத்து கண்ணு, செத்தா போயிருவேன்?" என்று அவர் கேட்கும்போது மனசு கேட்காது.

கடையில் விற்கும் கண்டென்ஸ்டு மில்க்கில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். அதனால் போன பொங்கலுக்கு நானே வீட்டில் செய்தேன். ஒரு லிட்டர் பாலை அடிகனமான அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் வைத்து, ஓரத்தில் ஒட்டும் ஏட்டை வழித்து உள்ளே தள்ளிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்றில் ஒரு பங்காகச் சுண்டிவிடும். ஆறினால் கெட்டியாகும் என்பதால் தோசை மாவு பதத்திலேயே இறக்கி, ஏலக்காய் தட்டிப் போட்டேன். ஊத்துக்குளி வெண்ணெயைப் பக்கத்தில் வைத்திருக்கும் எங்களுக்குப் பால் ருசியை யாரும் சொல்லித் தர வேண்டாம். சர்க்கரை போடாமலே லேசாக இனித்தது.

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "சக்கரையே போடலைங்க அத்தை, நல்லாக் குடிங்க" என்று தம்ளர் நிறையக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மிஷினில் குத்திப் பார்த்தால் 290! திருட்டுத்தனமாக எதையோ தின்றிருக்கிறார் என்று அத்தையைத்தான் திட்டினேன். அவர் பதிலே பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் டாக்டர் சொன்னார்: பாலிலேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை லிட்டருக்கு 45 முதல் 50 கிராம் வரை இருக்கிறது. காய்ச்சினால் போவது தண்ணீர் மட்டுமே. அப்படியானால் அத்தை குடித்த ஒரு தம்ளரில் கிட்டத்தட்ட அரை லிட்டர் பாலின் சர்க்கரை! எனக்குத் தலை குனிந்துவிட்டது.

100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சுகர் ஃப்ரீ' என்று அச்சிடக் கூடாது என்கிறது 2018ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. நாம் சுண்டக் காய்ச்சும் பாலில் 100 கிராமுக்குச் சுமார் 12 கிராம்! 'சர்க்கரை சேர்க்காதது' வேறு, 'சர்க்கரை இல்லாதது' வேறு. பாக்கெட்டுக்கு விதி இருக்கிறது, அடுப்படிக்கு யார் விதி போடுவது? நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் போட்டுவிட்டு "இது ஒண்ணும் பண்ணாது" என்று சர்க்கரை நோயாளிக்கு ஊட்டும் சகோதரிகளும் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்காவில் கெயில் போர்டன் 1856ல் கண்டென்ஸ்டு மில்க்குக்குக் காப்புரிமை வாங்கினார். டின் பால் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் கொட்டியிருக்கும் சர்க்கரைதான். நம்முடையதில் அது கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

இப்போது அத்தைக்கு இரண்டு மேஜைக்கரண்டிதான். அதற்கு ஈடாகச் சாயங்காலக் காபிக்குப் பாலைக் குறைத்துவிடுகிறேன். மன்னிப்புக் கேட்டாயிற்று, அவர்தான் மறக்கவில்லை. போன வாரம் கிண்ணத்தை நீட்டியபோது, "இதுல எத்தனை பாலு இருக்குதுன்னு கணக்குச் சொல்லிட்டுக் குடு கண்ணு" என்றார்.

- ஒரு வாசகி, முதலிபாளையம்.