வாடகைக்கு வயது வரம்பு இல்லை

இலண்டனில் அறை தேடி வருபவருக்கு 18 வயதா, 40 வயதா என்று பார்த்து எந்த வீட்டுச் சொந்தக்காரரும் வாடகையைக் குறைப்பதில்லை. பாணின் விலையும் அப்படித்தான். பிரித்தானிய அரசு மட்டும் இளையோரின் வயிற்றையும் கூரையையும் சிறியனவாக அளந்து வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் 21 வயதை எட்டியோரின் ஆகக்குறைந்த மணித்தியால ஊதியம் 12.21 பவுண், 18 முதல் 20 வயதுவரையானோருக்கு 10 பவுண். அதே ஆண்டில் தனியாளுக்குரிய யுனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவு 25 வயதை எட்டியவருக்கு மாதம் 400.14 பவுண், எட்டாதவருக்கு 316.98 பவுண்.

பெற்றோர் வீடு இருக்கும் என்ற ஊகமே இக்கணக்கின் அடித்தளம். அவ்வீடு இல்லாத பிள்ளை கணக்கிலேயே இல்லை. ஓர் அறைக்குரிய வாடகை மட்டுமே தரப்படும் என்று 1996இல் 25 வயதுக்குட்பட்டோர்மீது சுமத்தப்பட்ட விதி, 2012இல் 35 வயதுவரை நீட்டப்பட்டது. 2017இல் 18 முதல் 21 வயதுவரையான பலருக்கு வாடகை உதவியே மறுக்கப்பட்டது. கடும் எதிர்ப்பின் பின்னரே 2018இல் அம்முடிவு கைவிடப்பட்டது.

படித்து முன்னேறலாமே என்பர். முழுநேர மாணவர் பெரும்பாலும் யுனிவர்சல் கிரெடிட் கோரவே முடியாது. உழைக்கலாமே என்பர். ஆதரவு விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர் வேலைக்குப் போனால், வரையறைக்கு மேல் கையில் கிடைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 65 பென்ஸ் வாடகை உதவியிலிருந்து வெட்டப்படும் என்பதே பல்லாண்டுகளாக நிலவிய விதி. மேலதிக நேரம் உழைத்தவர் வாடகைக் கடனாளியாவதற்குச் சோம்பலா காரணம்?

இங்கிலாந்தின் வீட்டுவசதிச் சட்டம் 16, 17 வயதினருக்கும், அரச பராமரிப்பிலிருந்து வெளியேறிய 21 வயதுக்குட்பட்டோருக்கும் முன்னுரிமை தருகிறது. 17 வயதுப் பிள்ளை வீடற்று வந்தால் வெறும் தங்குமிடம் கொடுத்துக் கைகழுவ முடியாது, பிள்ளையாகவே பராமரிக்க வேண்டும் என்று 2009இல் பிரபுக்கள் சபை சதக் மாநகரசபைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் 18 வயது நிறைந்த மற்றவர், வீடிழந்த சாதாரண மனிதரைவிடத் தாம் குறிப்பிடத்தக்களவு நலிந்தவர் என்று நிறுவ வேண்டும். உடல்நலம் இருப்பதே இங்கே குற்றமாகிறது! 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அத்தகையோருக்கும் மாநகரசபை ஒரு திட்டம் வரைந்து கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் காகிதத்தின் கீழ் உறங்க முடியுமா?

'எங்கள் பிள்ளைகள் தெருவில் இல்லை' என்று தமிழ்ச் சமூகம் பெருமைப்படுவதுண்டு. தெருவில் இல்லாதிருக்கலாம், இன்று ஒரு நண்பன் வீட்டுச் சோபாவில், நாளை இன்னொருவன் வீட்டுத் தரையில் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் பெற்றோரின்றி இந்நாட்டை வந்தடைந்த ஈழத்துச் சிறுவர்கள் இவ்வாழ்வை நன்கறிவர். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர் விசாவில் வருவோருக்கோ அரச நிதியில் உரித்தே இல்லை. பட்டப்படிப்புக்கு வந்தவர் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் உழைக்கவும் முடியாது.

ஊதியத்திலும் கொடுப்பனவிலும் உள்ள வயதுப் பாகுபாட்டை நீக்குவது அரசின் கடமை. அதற்காகப் பாராளுமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டத் தமிழ் வாக்காளருக்கு முழு உரிமையுண்டு. ஆனால் அறை எடுக்கச் செல்லும் மாணவரிடம் வீட்டு முகவர் முதலில் கேட்பது, சொந்த வீடோ போதிய வருமானமோ உள்ள பிணையாளி ஒருவரின் கையொப்பம். ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் சொந்த வீடுகளோடு வாழும் தமிழர்கள் எத்தனை பேர்! பழைய மாணவர் சங்கங்கள் ஊர்ப் பாடசாலைக்குக் கட்டடம் எழுப்பட்டும், அது நற்பணியே. அதே சங்கங்கள் இங்குள்ள பத்து மாணவர்களுக்குப் பிணைநிற்கும் நிதியமொன்றை அடுத்த இராவிருந்துக்கு முன்னரே தொடங்கலாம்.