ரயில் நின்றுபோன தண்டவாளத்தில் சைக்கிள்: பிரான்ஸின் 'பச்சை வழி' ஜெயித்தது எப்படி?

பிரான்ஸ், சைக்கிள்... இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பலருக்கும் டூர் டி பிரான்ஸ்தான் ஞாபகம் வரும். மஞ்சள் ஜெர்சி, ஆல்ப்ஸ் மலையேற்றம், மூச்சிரைக்கும் வீரர்கள். அதே நாட்டின் கிராமப்புறத்தில் இதற்கு நேரெதிரான ஒரு சைக்கிள் உலகமும் இருக்கிறது. அங்கே யாருக்கும் அவசரம் கிடையாது. ரிட்டயர் ஆன தம்பதிகள், பின்சீட்டில் குழந்தையை உட்கார வைத்த அம்மாக்கள், இப்போதுதான் ஓட்டப் பழகும் பசங்க... எல்லாரும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சாவகாசமாகப் போவார்கள். பின்னாலிருந்து ஒரு ஹாரன் சத்தம்கூட வராது.

இதன் பெயர் 'வ்வா வெர்த்'. தமிழில் சொன்னால், பச்சை வழி.

யாரெல்லாம் போகலாம்?

2004 செப்டம்பரில் வந்த அரசாணை இதைப் போக்குவரத்து விதிகளிலேயே சேர்த்துவிட்டது. மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள் ஆகியோருக்கு மட்டுமே அனுமதி. பைக், ஸ்கூட்டர், காருக்கு நோ என்ட்ரி. பெடல் மிதித்தால் மட்டும் உதவி, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உதவியை நிறுத்திவிடும் எலெக்ட்ரிக் சைக்கிளும் சைக்கிள் கணக்குதான்.

சரி, கிராமத்துக்கு நடுவே இவ்வளவு நீளமான, சமதளமான பாதைக்கு இடம் எங்கிருந்து கிடைத்தது? பல இடங்களில் பதில் ஒன்றுதான்: ரயில். 19-ம் நூற்றாண்டில் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் பிரான்ஸ் தண்டவாளம் போட்டது. கார், பஸ் வந்ததும் கூட்டம் குறைந்தது. பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், அந்தக் காலப் பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, குன்றைக் குடைந்து சரிவைக் குறைத்திருந்தார்கள். நீராவி எஞ்சினுக்காகச் செய்த அந்த வேலையின் பலனை இன்று எட்டு வயதுப் பையனின் முழங்கால் அனுபவிக்கிறது.

44 கிலோமீட்டர், ஒரு முழு நாள்

பிரான்ஸின் முதல் பச்சை வழி 1997-ல் பர்கண்டியில் திறக்கப்பட்டது. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். ஓட்டத் தெரிந்தவர் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடிப்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்படத்தான் வேண்டும். முதலில் திராட்சைத் தோட்டங்கள். கொஞ்ச தூரம் போனால் வெள்ளை மாடுகள் மேயும் புல்வெளி. நடுநடுவே பழைய ஸ்டேஷன் கட்டடங்களும், ஒரு காலத்தில் ரயில்வே கேட் கீப்பர் குடும்பம் இருந்த குட்டி வீடுகளும். கோர்மத்தானில் 17-ம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இருக்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனால் மதியம் அங்கேயே போய்விடும். பன்னிரண்டு மணிக்கு மேல் கிராமத்துக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும் என்பதால், ரொட்டியும் சீஸும் முன்கூட்டியே வாங்கிவைப்பவரே புத்திசாலி.

க்ளூனிக்குத் தெற்கே 1.6 கிலோமீட்டர் நீள சுரங்கம் ஒன்றும் உண்டு. குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள். வவ்வால்கள் தூங்க வேண்டுமாம்! சைக்கிள்காரர்கள் குன்றைச் சுற்றி ஏறித்தான் போக வேண்டும்.

துண்டு போடாததுதான் வெற்றி

'ஐரோப்பியர்களுக்கு இயற்கை மேல் பிரியம், அதனால்தான் இதெல்லாம் நடக்கிறது' என்று சொல்வது சுலபம். விஷயம் அதைவிட நிலம் சம்பந்தப்பட்டது. ரயில் நின்ற பிறகும் அந்த ஒல்லியான நிலப்பட்டை முழுசாகப் பொதுக் கையில் இருந்ததால்தான் 44 கிலோமீட்டர் சாத்தியமானது. பிரான்ஸிலேயே சில பாதைகள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அங்கே ஒருவர் வீடு கட்டியிருப்பார், இன்னொருவர் வயலோடு சேர்த்திருப்பார். பச்சை வழி அந்த இடத்தில் அறுந்து, குழந்தையோடு வருபவரை லாரி ஓடும் ரோட்டில் கொண்டுபோய் விடும்.

க்ளூனிக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 910-ல் தொடங்கிய அதன் மடத்தின் பெரிய தேவாலயம், ரோமில் புதிய புனித பேதுரு பேராலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. புரட்சிக்குப் பிறகு 1798-ல் அதை விற்றார்கள். வாங்கியவர்கள் கல்லுக்காக இடித்தார்கள். இன்று பார்க்கக் கிடைப்பது மிச்சசொச்சம்தான்.

ரயிலுக்கு மாற்றா இது?

இங்கேதான் கொஞ்சம் உறுத்துகிறது. மாலையில் க்ளூனி வந்து சேரும் சைக்கிள்காரருக்கு ஊர் திரும்ப அங்கே ரயில் கிடையாது. ஒன்று பஸ், இல்லை வந்த வழியே மிதிக்க வேண்டும். 1981 முதல் ஓடும் பாரிஸ்-லியோன் டிஜிவி ரயில் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே பறக்கிறது, நிற்பதில்லை. சுற்றுலாப் பயணிக்கு இது ஒருநாள் பிரச்சினை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வயதானவருக்கும், கார் இல்லாத காலேஜ் மாணவிக்கும் இது தினசரிப் பிரச்சினை. அவர்களுக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்பது ரசனை அல்ல.

அதனால்தான் பிரான்ஸில் ரயில் ஆதரவாளர்களுக்கும் பச்சை வழி ஆதரவாளர்களுக்கும் அவ்வப்போது மோதல் வருகிறது. தார் போட்டு, பெஞ்ச் வைத்து, ஊரே வாக்கிங் போகப் பழகிய பிறகு, 'திரும்ப ரயில் விடுகிறோம்' என்றால் யார் விடுவார்கள்? இருவர் கவலையும் நியாயமானதுதான். ஆனால் சும்மா விட்டால் புதர் மண்டும், பாலம் இடியும், அக்கம்பக்கத்தார் வேலியைத் தள்ளிப் போடுவார்கள். சைக்கிள் ஓடும் பாதையை யாரும் ஆக்கிரமிக்க முடியாது. நிலத்தை விற்காமல், தேவைப்பட்டால் திரும்பப் பெறலாம் என்ற ஒப்பந்தத்தோடு உள்ளூர் நிர்வாகத்திடம் கொடுக்கும் வழியும் அங்கே இருக்கிறது. ரயில் நின்றுபோன பாதைக்கு அதுவே சரியான ஏற்பாடு. கூட்டம் குறைவு என்று சொல்லி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ரயிலை நிறுத்துவதற்குப் பச்சை வழியைக் காரணம் காட்டினால் மட்டும் ஊர்க்காரர்கள் சம்மதிக்கக் கூடாது.