சட்டைப்பையில் அறம்

பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி போர் தொடங்குமுன் ஓர் அறிவிப்புச் செய்வானாம். பகைநாட்டிலுள்ள பசுக்களும், பார்ப்பனரும், பெண்டிரும், பிணியாளரும், பிள்ளைப்பேறு வாய்க்காதவரும் பாதுகாப்பான இடம் தேடிச் சென்றுவிட வேண்டும். அதன் பிறகே அவன் அம்பு பாயும். நெட்டிமையார் பாடியது இது. புறநானூற்றில் 9-ஆம் பாட்டு. தமிழன் கண்ட போரறம் பாரீர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நானும் முழங்கினேன், வகுப்பறையில். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“ஐயா, போக முடியாதவங்க என்ன செய்வாங்க?”

பட்டம் பெற்ற ஆசிரியன் நான். விடை என்னிடம் இல்லை. மணி அடித்து என் மானத்தைக் காத்தது.

அன்றிரவு நூலைப் புரட்டினேன். 15-ஆம் பாட்டில் நின்றேன். அதே புலவர், அதே மன்னன். பகைவர் ஊர்த் தெருக்களில் கழுதைகளை ஏர்பூட்டி உழுததும், விளைந்த வயல்களில் தேரோட்டியதும், காவல் மிகுந்த குளங்களில் களிறுகளை இறக்கிக் கலக்கியதும் அங்கே புகழாகப் பாடப்படுகின்றன! வயல் யாருடையது? மன்னனுடையதா, உழவனுடையதா? குளத்து நீரைக் குடித்தவர் யார்? முன்சொன்ன பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். பசுவுக்கு இடமிருக்கிறது, பார்ப்பனருக்கு இடமிருக்கிறது. பசுவைக் கட்டி உழைத்துச் சோறு போட்ட உழவனுக்கு இடமில்லை. ஒரு வாயால் ‘ஓடிப் பிழை’ என்று சொல்லிவிட்டு, ஓடாதவன் வாழ்வை உழுது போடுவது அந்நாளைய அறம். புலவரைக் குறைகூறிப் பயனில்லை. கண்டதைப் பாடினார்; இரண்டையும் பாடினாரே, அதற்காக நன்றி சொல்வோம்.

பழங்கதை என்று இதை மூடிவைக்க முடியவில்லை தோழர்களே! இருபதாம் நூற்றாண்டில், வானை அளந்து, நிலவில் கால்வைத்த நாடு, வியட்நாமில் செய்ததும் இதுவேதான். அங்கே வானூர்தியிலிருந்து துண்டறிக்கைகள் உதிர்ந்தன. ஊரை விட்டு வெளியேறுங்கள், வெளியேறாதவர் எதிரியாகக் கருதப்படுவர் என்றன அவை. அதன்பின் அந்த வட்டாரம் ‘தடையின்றிச் சுடும் வட்டாரம்’ ஆயிற்று. மாவட்ட அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று விதி இருந்தது. ஒப்புதலும் கிடைத்தது, கேட்டபோதெல்லாம்! நட்ட நாற்றை விட்டு, பாட்டன் புதைகுழியை விட்டு, எந்த உழவன் போவான்? போனவனும் அகதி முகாமில் பசித்துக் கிடந்து திரும்பி வந்தான். வந்தவன் எதிரி. விதி அப்படி!

விதி இல்லாமல் நடந்த போர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். வியட்நாம் சென்ற அமெரிக்க வீரன் ஒவ்வொருவனுக்கும் அச்சடித்த அட்டைகள் தரப்பட்டன, சட்டைப்பையில் வைத்துக்கொள்ள. பிடிபட்டவனைத் துன்புறுத்தாதே என்றது ஓர் அட்டை. பெண்களிடம் மரியாதையோடு நடந்துகொள் என்றது மற்றொன்று. அழகிய அட்டைகள்! அவற்றைச் சுமந்த படைதான் 1968 மார்ச் 16 காலையில், குவாங் ங்காய் மாநிலத்துச் சன் மி கிராமத்தில் இறங்கிற்று. அங்குள்ள குடியிருப்புகளில் ஒன்றின் பெயர், படை வரைபடத்தில், மை லாய்.

வந்தது சார்லி அணி. தலைவன் கேப்டன் எர்னஸ்ட் மெடினா. வியட்நாமுக்கு வந்து மூன்று மாதங்களே ஆன இளைஞர்கள். கண்ணிவெடியில் தோழர்களை இழந்தவர்கள். சுட்டவனை ஒரு நாளும் கண்ணால் காணாதவர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட உளவுச் செய்தி என்ன தெரியுமா? காலை 7 மணிக்கெல்லாம் பொதுமக்கள் சந்தைக்குப் போய்விடுவர், மிச்சமிருப்பவர் எதிரிகள்! அவ்வளவுதான். சந்தைக்குப் போகாத கிழவி எதிரி. தொட்டிலில் கிடந்த குழந்தை எதிரி. அடுப்பில் சோறு வைத்தவள் எதிரி.

எதிர்த்துச் சுட ஆளில்லை. நான்கு மணிநேரம் சுட்டார்கள். கால்வாய்க் குழியில் கூட்டமாக நிறுத்திச் சுட்டார்கள். பெண்களைச் சீரழித்தார்கள், மரியாதை அட்டை அப்போதும் சட்டைப்பையில்தான் இருந்திருக்கும். அங்கே எழுப்பப்பட்டுள்ள நினைவிடத்தில் பொறித்த பெயர்கள் 504. பெண்கள் 182 பேர், குழந்தைகள் 173 பேர். அமெரிக்கப் படையின் கணக்கு 347. கைப்பற்றிய துப்பாக்கிகள் மூன்று! அமெரிக்கர் தரப்பில் காயமுற்றவன் ஒருவன்; அதுவும் தன் துப்பாக்கியால் தன் காலையே சுட்டுக்கொண்டவன். மேலிடத்துக்குப் போன அறிக்கையோ, எதிரிகள் 128 பேர் வீழ்ந்தனர் என்றது. தளபதி வெஸ்ட்மோர்லண்டு பாராட்டுச் செய்தி அனுப்பினார்.

128 பிணத்துக்கு மூன்று துப்பாக்கி எப்படி என்று கேட்க ஒரு கணக்கப்பிள்ளை போதுமே! ஏன் எவரும் கேட்கவில்லை? அந்தப் போரில் வெற்றியை அளந்த கோல் நிலமல்ல, பிணம். எத்தனை பிணம் என்று கேட்டே அதிகாரிக்குப் பதவி உயர்வு. செத்தவன் வியட்நாமியன் என்றால் அவன் எதிரிதான் என்பது படையினரிடையே கசப்பான கேலிவழக்காகவே இருந்தது. ‘கொல்லாதே’ என்று அட்டை கொடுத்துவிட்டு, ‘எத்தனை கொன்றாய்’ என்று கணக்குக் கேட்டால், வீரன் எதற்குச் செவிசாய்ப்பான்? என் வகுப்பில் ‘ஒழுக்கமே உயர்வு’ என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு மதிப்பெண்ணுக்கு மட்டும் பரிசு கொடுத்தால், பிள்ளைகள் சுவரையா படிப்பார்கள்?

ஆயினும் அன்று அங்கே ஒருவன் இருந்தான். ஹியூ தாம்சன், ஹெலிகாப்டர் ஓட்டி, வயது 24. மேலிருந்து பிணங்களைக் கண்டான். காயம்பட்டுக் கிடந்தோருக்கு உதவுமாறு புகைக்குண்டு வீசி அடையாளம் காட்டினான். அடையாளம் காட்டிய இடத்துக்கு வந்தவர்கள் உதவவில்லை, சுட்டார்கள். பதுங்குகுழியில் ஒளிந்திருந்த மக்களை நோக்கித் தன் நாட்டுப் படையே நடப்பதைக் கண்டதும், இருவருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினான். தன் தோழர்கள் கிளென் ஆண்டிரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன் இருவரிடமும், நம்மவர் இம்மக்களைச் சுட்டால் நீங்கள் நம்மவரைச் சுடுங்கள் என்றான். சொல்லிவிட்டு, கையில் துப்பாக்கி ஏந்தாமல் நடந்துபோய் அம்மக்களை வெளியே அழைத்துவந்தான். ஏறத்தாழ பத்து உயிர்கள் பிழைத்தன. பிணக்குழியில் இறங்கி ஆண்டிரியோட்டா ஒரு குழந்தையை உயிரோடு எடுத்தான். தளத்துக்குத் திரும்பித் தாம்சன் கொதித்துக் கூறிய பிறகுதான் கொலையை நிறுத்த ஆணை பிறந்தது.

எதிரி யார் என்பதை மேலிடம் சொல்லிவிட்டது. அவன் கண்ணால் பார்த்து, அறிவால் எடைபோட்டு, இல்லை என்றான். பெரியவர் சொன்னால் சரி, ஏட்டில் இருந்தால் சரி, மேலிருந்து வந்தால் சரி என்னும் மனப்பான்மையோடு மல்லுக்கு நிற்கும் நமக்கு, அந்த 24 வயது இளைஞன் அயலானல்ல.

அவனுக்குக் கிடைத்ததென்ன? பதக்கம் ஒன்று கொடுத்தார்கள். கடும் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே குழந்தையை மீட்டான் என்று பொய் எழுதி! சண்டையே நடக்காத இடத்தில் சண்டை! அதைத் தூக்கி எறிந்தான். செய்தி வெளிவந்தபின், தண்டிக்கப்பட வேண்டியவன் இவனே என்று பேசினார் அமெரிக்க மன்றத்துப் பெரும்புள்ளி ஒருவர். கொலைமிரட்டல்கள் வந்தன. உண்மையான பாராட்டு 1998-இல் வந்தது, 30 ஆண்டு கழித்து! ஆண்டிரியோட்டா அதைக் காண இல்லை. 1968 ஏப்ரலிலேயே போரில் மாண்டான்.

உண்மை வெளிவந்ததும் படைத்துறையின் பெருந்தன்மையால் அல்ல. ரொனால்டு ரைடனவர் என்னும் முன்னாள் வீரர் 1969-இல் மன்ற உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். சீமோர் ஹெர்ஷ் என்னும் செய்தியாளர் அவ்வாண்டு நவம்பரில் எழுதினார். படைப் புகைப்படக்காரர் ஒருவர் தம் சொந்தக் கருவியில் எடுத்துவைத்த வண்ணப் படங்கள் வெளியாயின. படைக்கருவியில் எடுத்தவை அதுவரை ஊமையாகக் கிடந்தன!

பலர்மீது குற்றச்சாட்டு, தண்டனை ஒரே ஒருவனுக்கு, லெப்டினன்ட் வில்லியம் கேலிக்கு. 1971-இல், 22 பேரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை. தீர்ப்பு வந்த சில நாளிலேயே குடியரசுத் தலைவர் நிக்சன் அவனைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றினார். ஆயுள் 20 ஆண்டாயிற்று, 20 பத்தாயிற்று. 1974-இல் அவன் வெளியே வந்தான். மெடினா விடுதலை. மூடிமறைத்த மேலதிகாரிகளில் ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. ‘ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன்’ என்றான் கேலி. நாஜித் தலைவர்கள் நியூரம்பர்க்கில் அதையே சொன்னபோது, அது மன்னிப்புக்குரிய காரணமாகாது என்று தீர்ப்பளித்த மன்றத்தில் அமர்ந்திருந்தவர்களுள் அமெரிக்கரும் உண்டு!

விதிகள் வீரனின் கையைக் கட்டுகின்றன, கட்டிய கையோடு எப்படிப் போரிடுவது என்று மீசை முறுக்குவோர் நம் நாட்டிலும் பெருகிவருகின்றனர். மை லாயில் கட்டு ஏதும் இருக்கவில்லையே ஐயா, கிடைத்த வெற்றி என்ன? மூன்று துப்பாக்கி! இன்னொரு சாரார், அதெல்லாம் அந்தக் காலம், இப்போது குறிதவறாக் கருவிகள் வந்துவிட்டன என்பர். 2015 அக்டோபர் 3-இல் ஆப்கானிஸ்தானத்துக் குண்டூசில் எல்லைகளற்ற மருத்துவர்களின் மருத்துவமனை அமெரிக்க வானூர்தியால் தாக்கப்பட்டது. அது இருக்குமிடத்தை மருத்துவர்கள் முன்கூட்டியே தெரிவித்திருந்தனர். 42 பேர் மாண்டனர். 16 படையினர்மீது துறைவழி நடவடிக்கை. குற்ற வழக்கு ஒன்றுமில்லை. குறி தவறவில்லை, குறிக்கப்பட்டது மருத்துவமனை!

என் மாணவனுக்கு விடை தேடியபோது ஓர் ஏடு கிட்டிற்று: ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை. ஒருவன் குடிமகனா போராளியா என்ற ஐயம் எழுந்தால் குடிமகன் என்றே கொள்ள வேண்டும் என்கிறது அதன் 50-ஆம் பிரிவு. சந்தைக்குப் போகாத கிழவிக்கு இதைவிட நேரான விடை இல்லை. குற்றம் நடப்பதை அறிந்தும் தடுக்காத தளபதியும் பொறுப்பாளி என்கிறது 86-ஆம் பிரிவு. தண்டனை கீழ்ப்படியோடு நின்றுவிடாமல் மேலேறும் வழி அது. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி. கொரில்லாக்களுக்குப் போர்வீரர் தகுதி தந்துவிடும் என்று காரணங்காட்டி இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. அந்த அச்சம் உள்ளவர்கள் தம் விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டே சேரலாம்; பிரிட்டன் 1998-இல் அப்படித்தான் சேர்ந்தது.

இந்தியா? 1949-ஆம் ஆண்டின் நான்கு உடன்படிக்கைகளையும் ஏற்று, 1960-இல் சட்டமும் இயற்றிய நாடு, 1977-ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இணையவில்லை. புத்தன் போதித்த மண், காந்தி நடந்த மண் என்று உலக அரங்கில் உரையாற்றும் நாடு, ஐயம் எழுந்தால் சுடாதே என்ற வரிக்குக் கீழே கையெழுத்திடத் தயங்குகிறது. நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கேட்டு அடுத்த முறை உங்கள் தெருவுக்கு வருவோரிடம், சாலையும் குழாயும் கேட்டு முடித்த பிறகு, இதையும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கடைசி வரிசையில் ஒருவன் காத்திருக்கிறான்.