ஐம்பது வயது வரை

புறநானூற்றுப் புலவர்களுள் ஐயூர் முடவனார் என்றொருவர் உண்டு. ஊரும் காலுமே பெயராக நின்றுவிட, இயற்பெயர் நமக்கு எட்டாமலே போயிற்று. இளவயதில் கால் ஊனமுற்றவரைப் பற்றிய நம் பேச்சு இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை என்று வகுப்பில் அப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் தோன்றும்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவரைத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் கண்டேன். வயது 31. பேருந்துப் படியில் இடக்காலை ஊன்ற முடியாமல், கைப்பிடியைப் பற்றி உடலைத் தூக்கித்தான் ஏறினார். தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தம் நின்று, எலும்பு மடிந்து நொறுங்கும் நோய். நெடுநாள் ஸ்டீராய்டு, மிகுகுடி, தொடையெலும்பின் கழுத்து முறிதல் எனக் காரணங்கள் பல. சிலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. கொரோனாவின்போது ஸ்டீராய்டு பெற்ற, நாற்பதைத் தொடாத சிலரிடம் மும்பை மருத்துவர்கள் 2021இல் இதனைக் கண்டனர். நம் மாணவர் முதலில் புத்தூர்க் கட்டுக்குப் போனார். பிறகு ஒரு மருத்துவரிடம். "ஐம்பது வயசு வரைக்கும் தாங்கிக்கோங்க தம்பி" என்றாராம் அவர்.

அதற்கு 19 ஆண்டுகள் இருக்கின்றன. வேலை, திருமணம், பிள்ளையைத் தோளில் தூக்குவது எல்லாம் அதற்குள்தானே வரும்? (மணமாகாத பெண்களோ இதனை வெளியே சொல்வதே இல்லை.)

மருத்துவர் கூற்றில் நியாயமே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி உலோகப் பந்தையும் பாலித்தீன் கிண்ணத்தையும் இணைத்தபோது பெரும்பாலும் முதியோரையே கருதினார். கிண்ணம் தேயும், தேய்ந்த துகள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். 2017இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, எழுபதைக் கடந்தபின் அறுவை செய்துகொள்வோர்க்கு மறு அறுவை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு; ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆண்களுக்கோ 35 வரை. முப்பதில் செய்துகொள்பவர் இன்னொரு அறுவைக்கும் ஆயத்தமாயிருக்க வேண்டும். ஆயினும் அதே இதழ் 2019இல், நூறில் 58 செயற்கை மூட்டுகள் 25 ஆண்டுகள் நிலைக்கக்கூடும் என்று கணக்கிட்டது. அவையும் பழைய பொருள்களால் ஆனவை. பின்னர் வந்த கிண்ணங்கள் குறைவாகவே தேய்கின்றன.

அவசரத்துக்கும் விலை உண்டு. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகள் இளையோர்க்கும் ஓடியாடுவோர்க்கும் ஏற்றவையென்றே விற்கப்பட்டன. ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டிப்யூ, தன் ஏ.எஸ்.ஆர். மூட்டை 2010 ஆகஸ்டில் உலகெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றது. கோபால்ட்டும் குரோமியமும் நோயாளிகளின் இரத்தத்தில் கலந்திருந்தன. இந்தியாவில் மட்டும் அதனைப் பொருத்திய அறுவைகள் ஏறத்தாழ 4,700.

ஆகவே என் வழக்கு, அறுவையை உடனே செய்துவிட வேண்டும் என்பதன்று. மேற்சொன்ன கணக்கில் ஓர் எண்ணைக்கூட அந்த இளைஞரிடம் எவரும் சொல்லவில்லை. வயதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு அறுவையா, இருபதாண்டு நொண்டலா என்று தேர்பவர் வலியைச் சுமப்பவராகவே இருக்க வேண்டாமா?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு அவர் இப்போது மதுரைக்குப் போக ஆயத்தமாகிறார். என்ன பந்து, என்ன கிண்ணம், இனிச் சம்மணமிடலாமா என்று கேட்டு எழுதிக்கொள்ள நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்.