கிழவருக்கும் வேலை உண்டு

இன்டர்நெட்டில் ரவுட்டர் என்பது தபாலாபீஸ் சார்ட்டர் மாதிரி. எது எந்தப் பக்கம் போகணும் என்று பிரித்து அனுப்புகிற பெட்டி.

இரண்டு நெட்வொர்க்குகளின் ரவுட்டர்கள் பி.ஜி.பி. என்கிற பாஷையில் பேச ஆரம்பித்தால், முதல் கடுதாசியின் பெயர் 'ஓப்பன்'. 'எனக்கு இன்னின்ன வித்தை தெரியும்' என்று பயோடேட்டா அதிலேயே போய்விடும். முன்பெல்லாம் அதில் புரியாத ஐட்டம் இருந்தால் எதிராளி கனெக்‌ஷனையே கட் பண்ணிவிடுவார். 2000-ல் விதி வந்தது: அவர் சொல்கிற வித்தை புரியலையா? கண்டுக்காதே. இருவருக்கும் தெரிந்ததைப் பேசு.

அருமை பிறகுதான் தெரிந்தது. நெட்வொர்க்குகளுக்குத் தருகிற எண் அப்போதெல்லாம் 65,535-ஐத் தாண்டாமல் இருந்தது. அது தீர்ந்துவிடும் என்று 2007-ல் பெரிய எண்ணுக்கு விதி எழுதினார்கள். உலகத்து ரவுட்டரையெல்லாம் ஒரே ராத்திரியில் மாற்ற முடியுமா, சொல்லுங்கள்? 'பெரிய எண் தெரியும்' என்று பயோடேட்டாவில் சொன்னவை அதிலேயே பேசின. சொல்லாத கிழவர்களுக்கு 23456 என்று ஒரு டம்மி எண். பி.காம். பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! நிஜ எண் தனிக் கவரில் கூடவே போகும். கிழவர் பிரிக்காமல் அடுத்தவரிடம் சேர்ப்பார்.

யாருக்கும் வேலை போகவில்லை, தபாலும் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் வந்த மறுநாளே ஹெட் கிளார்க்கை வீட்டுக்கு அனுப்பின முதலாளிகள் கவனிக்க.