ஆவணியிலும் எண்ணுங்கள்

கோடியக்கரைக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் கார்த்திகை, மார்கழி என்பார்கள். மழை பெய்து சதுப்பு நிரம்பி, பூநாரைகள் கூட்டமாக நிற்கும் காலம். சுற்றுலாப் பயணிக்கு அது சரிதான். ஆனால் பறவைகளைக் காக்க வேண்டியவர்களும் அதே நாள்காட்டியையே பிடித்துக்கொண்டிருப்பது சரியில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது; மாநில அரசின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும் குளிர்காலத்தை ஒட்டியே வருகிறது. ஆவணி, புரட்டாசியிலும் கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் சதுப்பில் முறையாக எண்ண வேண்டும்.

அப்போதுதான் கரைப்பறவைகள் வந்து இறங்குகின்றன. சைபீரியத் தூந்திரத்தில் கூடு கட்டும் வளைமூக்கு உள்ளானில், ஆண் பறவை குஞ்சு பொரிக்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை. வந்து சேரும்போது அதன் வயிற்றில் செங்கல் நிறம் இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். மார்கழியில் போகிறவர் அந்த நிறத்தைப் பார்க்கவே முடியாது. பின்னால் பெண் பறவைகள். கடைசியாக அந்த ஆண்டுக் குஞ்சுகள், வழிகாட்டப் பெரியவர் யாருமின்றி. கூடவே வரும் கொசு உள்ளான் ஒரு கைப்பிடிச் சுண்டல் எடைகூடத் தேறாது. பறந்து களைத்த உடம்பு. சிறகும் உதிர்த்து முளைக்க வேண்டும். சேற்றில் புழுவும் பூச்சியும் கிடைத்தாக வேண்டிய வாரங்கள் இவை.

ஆனால் சதுப்பு மிகவும் காய்ந்து, மிகவும் கரிப்பதும் இதே வாரங்களில்தான். சதுப்பை ஒட்டிய உப்பளங்களில் நீரின் உப்புச் செறிவை 'டிகிரி' வைத்துப் பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரி. உப்பு உறைவது ஏறத்தாழ 25 டிகிரியில். கடல்நீரை முதலில் தேக்கும் வெளிப் பாத்திகளில் உயிர் உண்டு. டிகிரி ஏற ஏற ஒவ்வொன்றாகச் செத்து, கடைசியில் உப்புநீர் இறால்தான் மிஞ்சும். உறையும் பாத்தியில் அதுவும் இல்லை. தொழிற்சாலை உப்பளங்கள் பரவியதும், முள்ளியாறு போன்ற வடிகால் ஆறுகளின் நன்னீர் குறைந்ததும் உள்ளான்களின் சரிவுக்குக் காரணங்கள் என்று, இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையமிட்டு ஆராயும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சொல்லி வருகிறார்கள். வளைமூக்கு உள்ளான் 2024இல் உலகச் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்ற நிலைக்கு இறங்கிவிட்டது.

உப்பளத்தை மூடு என்பதல்ல நம் வாதம். 1930இல் ராஜாஜி உப்பள்ளிய மண் இது. இன்றும் பல குடும்பங்களுக்கு அடுப்பெரிவது அந்தத் தொழிலால்தான். நாம் கேட்பது வெளிப் பாத்திகளைப் பற்றி மட்டுமே. அவற்றின் ஒரு பகுதியில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நீரைக் கணுக்கால் அளவுக்கும் கீழே நிறுத்தினால் உள்ளான் இறங்கி மேயும். ஆழம் கூடினால் பூநாரைக்கே ஆகும். குத்தகை புதுப்பிக்கும்போது அரசு இதை நிபந்தனையாக எழுதட்டும். கடைமடை வாய்க்காலில் வரும் நீரில் சதுப்புக்கும் ஒரு பங்கு வேண்டும். விவசாயிக்கே போதவில்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் 38,500 ஹெக்டேரை 2002இல் ராம்சார் தலமாக அறிவித்தபோதே நாம் ஏற்ற பொறுப்பு அது.

பறவை பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆவணி வெயிலில், கானலில் ஆடும் சாம்பல் நிறக் குருவிகளை இனம் பிரிப்பது பெரும்பாடு. நல்ல படமும் கிடைக்காது. அதனாலேயே பலர் வருவதில்லை. வருகிறவர்களில் சிலர் படத்துக்காகக் கூட்டத்தையே எழுப்பிப் பறக்கவிடுகிறார்கள். பசித்து வந்த பறவைக்கு அது தண்டனை. விலகி நின்று எண்ணுங்கள்; எண்ணியதை இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுங்கள்.

அரசுக்கு இதில் பெரிய செலவில்லை. குறித்த சில இடங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொலைநோக்கியோடு இருவர் நின்று எண்ண, உடனிருந்து நீரின் டிகிரியையும் குறிக்க அந்த ஊர் உப்பளத் தொழிலாளி ஒருவருக்குக் கூலி. வரும் ஆவணியிலேயே தொடங்கலாம்.