உங்கள் மடலை நீங்களே எழுதுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் ஓர் இளைஞருக்குச் சிகிச்சை அளித்து வந்தேன். தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்து கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். தோள்களை அசைப்பார், முழங்கைகளை மடக்குவார், விரல்கள் இயங்கா. பேச்சிலும் நினைவிலும் எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் தாயாரும் அண்ணனும் உடன் வருவார்கள். நான் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அண்ணனே விடை சொல்வார். அத்தனை பாசம். நானும் அண்ணனைப் பார்த்தே பேசப் பழகிவிட்டேன். "தம்பி நன்றாகத் தூங்குகிறாரா?" என்று, எதிரிலேயே அமர்ந்திருந்தவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டேன்.

அந்த ஆண்டில் இருமுறை அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. இருமுறையும் மருந்து எழுதினேன். "நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்று அறிவுறுத்தினேன். "குடிக்கிறான், டாக்டர்" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார்.

பிறகு ஓரிரவு அந்த இளைஞரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. பாதிச் சொற்கள் பிழையாக இருந்தன. கைப்பேசியில் பேசினால் எழுத்தாகும் வசதியை அக்காள் மகன் கற்றுக்கொடுத்ததாகவும், இதுவே தாம் எழுதும் முதல் மடல் என்றும் குறிப்பிட்டிருந்தார். இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, தமக்குத் திருமணமும் குழந்தைப்பேறும் இயலுமா என்ற கேள்வி. மற்றொன்று, மாலை ஐந்து மணிக்கு மேல் தாம் தண்ணீரே குடிப்பதில்லை என்பது. நள்ளிரவில் டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்கத் தாயார் எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தத்தில், யாரிடமும் சொல்லாமல் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்.

இரண்டுக்குமே மருத்துவத்தில் விடை உண்டு. முதல் கேள்விக்கு உரிய சிறப்பு மருத்துவர்களும் சிகிச்சைகளும் உள்ளனர். இரண்டாவதற்கு, நீர் அருந்தும் நேரத்தையும் டியூப் வைக்கும் நேரத்தையும் மாற்றி அமைத்தோம். விடைகள் என்னிடம் முன்பே இருந்தன. கேள்விகள்தாம் என்னை வந்தடையவில்லை. தாயும் அண்ணனும் அருகில் நிற்கையில் அவற்றைக் கேட்க அவருக்கு நா எழவில்லை. அவரைத் தனியே பேசவிட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. தவறு என்னுடையது.

அன்று முதல் நான் கொண்டிருக்கும் கருத்தை இந்த இதழின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கை இயங்காத ஒருவருக்குச் சக்கர நாற்காலியில் ஏறி இறங்கக் கற்பிப்பது போலவே, குரலால் மடல் எழுதவும் கற்பிக்க வேண்டும். அது மறுவாழ்வுச் சிகிச்சையின் ஒரு பகுதி. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பே அந்தப் பயிற்சி தொடங்கிவிட வேண்டும்.

"வீட்டில்தான் இத்தனை பேர் இருக்கிறோமே, நாங்கள் எழுதித் தரமாட்டோமா?" என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. நம் பகுதியின் குடும்பங்களை நான் அறிவேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குச் செல்பவர்களும், திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுவதும் நிற்பவர்களும், இரவில் வந்து நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் காக்கிறார்கள். அந்த உழைப்புக்கு முன் நான் தலை வணங்குகிறேன். ஆயினும் ஒருவருடைய உடலைத் தூக்கிவிடுவது வேறு. அவருடைய சொல்லைத் தூக்கிக்கொண்டு போவது வேறு. நாம் எழுதித் தரும்போது, அறியாமலேயே சிலவற்றைச் சேர்க்கிறோம், சிலவற்றை விடுகிறோம். அதைவிட முக்கியமானது, நம் முன் சொல்ல இயலாதவற்றை அவர் சொல்லாமலேயே விட்டுவிடுகிறார்.

சட்டமும் இதைக் கருத்தில் கொண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 13-ஆம் பிரிவு, சொத்தும் பணமும் உள்ளிட்டவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரைப் போன்றே சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. அவருக்கு உதவி செய்பவர் முறையற்ற செல்வாக்கைச் செலுத்தக்கூடாது என்றும், அவருடைய தன்னுரிமை, கண்ணியம், அந்தரங்கம் ஆகியவற்றை மதிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு வலியுறுத்துகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மின்னணு வழியில் மனு அனுப்ப இடம் தருகிறது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் வடிக்கப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்றும் அது விதிக்கிறது. சொல்பவருடையதுதான் மனு, எழுதுகோலைப் பிடித்தவருடையது அன்று.

இது நமக்குப் புதிய எண்ணமும் அன்று. சோழர் ஆட்சியில் மன்னர் வாயால் உரைத்த ஆணையைக் கேட்டுப் பதிவுசெய்ய 'திருவாய்க்கேள்வி' என்ற அலுவலர் இருந்தார். ஓலையில் எழுதத் தனியே ஒருவர் இருந்தார். ஆணை மன்னருடையதாகவே கருதப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள பழனியில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர், சிறு வயதிலேயே அம்மை நோயால் பார்வை இழந்தவர். அவரைத் தமிழுலகம் புலவர் என்றே போற்றுகிறது. எழுத இயலாதவர் என்று ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை. அன்று அரசருக்கும் புலவருக்கும் கிடைத்த வசதி, இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் எட்டும் தொலைவில் உள்ளது. இக்கருவி கேட்டதை மற்றவரிடம் போய்ச் சொல்லுமோ என்று உறவினர் முகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை என்பது கூடுதல் நன்மை.

கழுத்துத் தண்டுவடக் காயத்துக்குப் பின் ஒரு மனிதரால் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தென்காசி அருகிலுள்ள ஆய்க்குடியில் ஒரு சான்று உண்டு. திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். 1981-இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்வியும் சிகிச்சையும் அளிக்கிறது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் தொடங்கிய காலத்தில் கைப்பேசியும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. சிந்தனையும் பேச்சும் இருந்தன. இன்று அவற்றுடன் கருவியும் சேர்ந்திருக்கிறது.

யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது?

கழுத்துத் தண்டுவடக் காயம், தசைச்சிதைவு நோய், முடக்குவாதத்தால் விரல்கள் கோணியவர்கள், தொழுநோயால் விரல் இழந்தவர்கள், விபத்தில் கையை இழந்தவர்கள் ஆகியோரில் பேச்சு தெளிவாக உள்ளவர்களுக்கு இது பெரிதும் உதவும். பார்வையற்றவர்களும் இதனால் மடல் எழுதலாம். எழுதியதைக் கைப்பேசியின் திரைவாசிப்பான் படித்துக் காட்டும்.

பக்கவாதத்தில் கவனம் தேவை. வலக்கை மட்டும் செயலிழந்து பேச்சு தெளிவாக இருப்பவருக்குத் தடையில்லை. நாக்குத் தசைகள் தளர்ந்து பேச்சு குழறுபவரைக் கருவி சரியாகப் புரிந்துகொள்ளாது. சொல்லே நினைவுக்கு வராமல் தவிப்பவருக்கு முதலில் பேச்சுப் பயிற்சிதான் தேவை. கைப்பேசியைக் கொடுத்துப் "பேசு, பேசு" என்று வற்புறுத்துவது அவரை மேலும் வருத்தும். நடுக்குவாத நோயில் குரல் மெலிந்துவிடுவதால் சிலருக்கே பயன்படும். குழறும் பேச்சையும் புரிந்துகொள்ளும் கருவிகளை உருவாக்கும் 'யுஃபோனியா' என்ற ஆய்வை கூகுள் நிறுவனம் 2019-இல் அறிவித்தது. தமிழில் அத்தகைய வசதி நம் நோயாளிகளின் கைக்கு வரும் நாளை எதிர்நோக்கியிருக்கிறேன்.

எப்படித் தொடங்குவது?

கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 ஆகஸ்ட் மாதத்தில் தமிழ் சேர்க்கப்பட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் உள்ள ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும். தனிச் செலவு இல்லை. விசைப்பலகையில் உள்ள மைக் படத்தைத் தொட்டுப் பேசினால், பேசியது எழுத்தாகும்.

விரலால் தொட முடியாதவர்கள் விரல் மூட்டாலோ, கையில் கட்டும் பட்டையில் செருகிய தொடுதிரைக் குச்சியாலோ தொடலாம். அதுவும் இயலாதவர்களுக்கு 'வாய்ஸ் அக்சஸ்' என்ற செயலி உண்டு. திரையைத் திறக்கவும் நகர்த்தவும் குரலாலேயே கட்டளையிடலாம். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் 'ஓப்பன்', 'கோ பேக்', 'ஸ்க்ரோல் டவுன்' போன்ற பத்துச் சொற்கள் தெரிந்தால் தொடங்கிவிடலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களும் ஒரு வாரத்தில் கற்றிருக்கிறார்கள்.

கைப்பேசியை ஒரு தாங்கியில், முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் நிறுத்துங்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். மேல் கழுத்துக் காயம் உள்ளவர்களுக்கு மூச்சு குறைவாக இருக்கும். ஆகையால் நிமிர்ந்து அமர்ந்த நிலையில், சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். நம் வட்டாரப் பேச்சையும் ஊர்ப் பெயர்களையும் கருவி சில வேளைகளில் தவறாக எழுதும். அதற்காகக் கூச வேண்டாம். பிழையுள்ள மடலும் மடல்தான். ஆனால் மருந்தின் அளவு, தேதி, 'இல்லை' என்னும் சொல் ஆகிய மூன்றையும் அனுப்புமுன் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

கடவுச்சொல், வங்கியின் ஓ.டி.பி., பணம் செலுத்தும் பின் எண் ஆகியவற்றை உரக்கச் சொல்லாதீர்கள். மலையோரச் சிற்றூர்களில் சிக்னல் கிடைக்காத நேரங்களில் மடல் தங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. மின்னஞ்சல் அவசர உதவிக்கு உரியதன்று. நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேல் தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருக்கக் கூடும். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்ப் பையும் டியூபும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள், 108-ஐ அழையுங்கள். அத்தருணத்தில் மடல் எழுதிக் காத்திருக்கக் கூடாது.

குடும்பத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, மின்னஞ்சல் கணக்கு நோயாளியின் பெயரிலேயே இருக்கட்டும். கடவுச்சொல் அவரிடமே இருக்கட்டும். உங்கள் கணக்கிலிருந்து அவருக்காக அனுப்புவது எளிதாகத் தோன்றும். அது மீண்டும் உங்கள் மடலாகவே ஆகிவிடும்.

இரண்டாவது, நாள்தோறும் அரை மணி நேரம் அவரைக் கைப்பேசியுடன் தனியே விடுங்கள். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். குரலால் எழுதுவதில் உள்ள ஒரே பெரிய குறை, அருகில் இருப்பவர் காதில் விழும் என்பதுதான். அந்தத் தனிமையை நீங்கள் மட்டுமே தர முடியும்.

மூன்றாவது, அவர் எழுதியதைத் திருத்தாதீர்கள். உதவி கேட்டால் மட்டும் உதவுங்கள். உங்களைப் பற்றிய மனக்குறை ஏதேனும் அதில் இருந்தால் கோபம் கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லும் அளவுக்கு உங்கள் வீட்டில் அவருக்குச் சுதந்திரம் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. உடன் வந்தவரைப் பார்த்துப் பேசுவதை நாங்கள் நிறுத்த வேண்டும். வந்த மடலுக்கு விடை எழுத வேண்டும். மாதாந்திர உதவித்தொகைக்காகவும் அடையாள அட்டைக்காகவும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தூக்கிவரப்படும் நம் நோயாளிகள், ஆட்சியர் அலுவலக வாயிலில் மனு எழுதித் தருவோரிடம் தம் உடல்நிலை முழுவதையும் நாலு பேர் முன்னிலையில் விவரிக்க நேரிடுகிறது. அவர்களே வீட்டிலிருந்து தம் மனுவை எழுதி எடுத்துவர முடிந்தால், அந்த ஒரு சங்கடமாவது நீங்கும். செயல்முறைப் பயிற்சி நேரத்தில் நோயாளிகள் இதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டுகிறேன். எங்கள் பயிற்சியாளர்கள் கற்றுத்தருவார்கள்.

நான் முதலில் குறிப்பிட்ட இளைஞர் இப்போதும் மடல் எழுதுகிறார். அண்மைய மடலில் முற்றுப்புள்ளிகள் வந்துவிட்டன. மருத்துவக் கேள்வி ஏதும் அதில் இல்லை. அண்ணன் தமக்காக ஆண்டுக்கணக்கில் இழந்த கூலியைக் கணக்கிட்டு, வேறு வேலை பார்க்கும்படி அண்ணனிடம் நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். "அதை நீங்களே அவருக்கு எழுதுங்கள்" என்று விடையளித்தேன். எழுதிவிட்டார்.